நிலத்தடிக்கு ஒரு திருக்கணிதம்

மனிதன் ஆக்கிய பொருள்களிற் பெரும்பாலானவை அவன் காலத்திலோ அவன் பேரன் காலத்திலோ அழிந்து மண்ணாகிவிடும். அணுயுகம் இவ்வழக்கை மாற்றிவிட்டது. புளூட்டோனியம் 239 என்னும் பொருள் தன் கதிர்த்தொழிற்பாட்டிற் பாதியை இழப்பதற்கே ஏறத்தாழ 24,100 ஆண்டுகள் செல்லும். சங்கச் சான்றோர் காலந்தொட்டு இன்றுவரை கழிந்த காலத்தைப் பத்து மடங்காக்கினாலும் அந்தப் பாதியை எட்டமாட்டோம். இத்தகைய நஞ்சை மண்ணிற் கொட்டிவிட்ட ஒரு சமுதாயம் மூன்று கேள்விகளுக்கு விடைகூறக் கடமைப்பட்டிருக்கின்றது. இது எங்கே போகும்? எப்பொழுது போய்ச் சேரும்? யாரைத் தொடும்?

இக்கேள்விகளுக்கு விடை காண்பதற்கு இன்று கணனியை அழைக்கிறார்கள். நிலத்தின் அடுக்குகளையும் நீரோட்டத்தையும் நஞ்சின் இயல்பையும் எண்களாக்கி, கணனிக்குள்ளே ஒரு மாதிரியுருவைச் சமைத்து, அதனை நூறாண்டு, ஆயிரமாண்டு முன்னோக்கி ஓடவிட்டு, அது காட்டும் விடையைக் கொண்டு எந்த இடத்தைத் தோண்டுவது, எதனை விட்டுவைப்பது, எத்தனை ஆண்டு காத்திருப்பது என்று தீர்மானிக்கிறார்கள். இம்முறையைப் பற்றி நம்மிடையே இருவகை மனப்பான்மைகள் உள. கணனி சொன்னால் அது வேதவாக்கு என்பார் ஒரு சாரார். எல்லாம் ஏமாற்று வித்தை, வேண்டிய விடையை வரவழைக்கும் கண்கட்டு என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பது என் கருத்து. கணிப்பு என்பது என்ன தொழிலைச் செய்யவல்லது என்பதை இருவருமே கேட்பதில்லை. இதனை ஓரிடத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா நதி வளைந்தோடும் வறண்ட சமவெளியில் ஹான்போர்ட் என்னும் இடம் இருக்கிறது. 1943ஆம் ஆண்டில் அங்கிருந்த குடியானவர்களை அகற்றிவிட்டு, அணுகுண்டுக்கு வேண்டிய புளூட்டோனியத்தை ஆக்கும் நிலையத்தை அமெரிக்க அரசாங்கம் அங்கே நிறுவியது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் திகதி நாகசாக்கி நகரின்மேல் விழுந்த குண்டினுள் இருந்த புளூட்டோனியம் இங்கே பிறந்தது. பின்னர் வந்த பனிப்போர்க் காலத்தில் ஒன்றுக்கு ஒன்பதாக அணு உலைகள் இந்நதிக்கரையில் எழுந்தன. கடைசி உலை 1987ஆம் ஆண்டில் நின்றது. உலைகள் நின்றன; கழிவு நின்றபாடில்லை. மண்ணுக்குள் புதைத்த 177 தொட்டிகளில் ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம் கலன் கொடுங்கழிவு எஞ்சியது. இவற்றுள் 149 தொட்டிகள் ஒற்றைச் சுவர் கொண்டவை. அவற்றுட் பல கசிந்தன. இதுவன்றி, செறிவு குறைந்த கழிவுநீரைப் பல பத்தாண்டுகளாகக் குளங்களிலும் அகழிகளிலும் நேரே மண்ணுக்குள் ஊறவிட்டார்கள். 1989ஆம் ஆண்டில் மத்திய சக்தித் திணைக்களமும், சூழற் பாதுகாப்பு நிறுவனமும், வாஷிங்டன் மாநிலமும் சேர்ந்து துப்புரவுக்கான உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டன. அன்று தொடங்கிய வேலை ஒரு தலைமுறையைக் கடந்தும் முடியவில்லை.

மண்ணுக்குள் நடப்பதைக் கண்ணாற் காண முடியாது. ஆதலின் கணக்கு வேண்டியதாயிற்று. இக்கணக்கின் வேர் மிகப் பழையது. பிரான்ஸ் நாட்டின் டிஜோன் நகருக்கு நீர் வழங்கிய பொறியியலாளர் ஹென்றி டார்சி, மணலினூடே நீர் எவ்வளவு வேகத்திற் செல்லும் என்பதற்கான விதியை 1856ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றைய கணனி மாதிரியுருவும் அவ்விதியிலேயே நிற்கிறது. நிலத்தை ஆயிரக்கணக்கான, சிலவேளை இலட்சக்கணக்கான சிறு பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் அடுத்த பெட்டிக்கு எவ்வளவு நீர் செல்லும், அந்நீர் எவ்வளவு நஞ்சைச் சுமக்கும் என்று மாறிமாறிக் கணிக்கிறார்கள். இங்கே ஒரு முக்கிய எண் வருகிறது. மண் எவ்வளவு நஞ்சைப் பற்றி நிறுத்தும், நீர் எவ்வளவைத் தூக்கிச் செல்லும் என்னும் விகிதமே அது. பற்று விகிதம் என்று அதனை நாம் அழைக்கலாம். அவ்வெண் பெரிதானால் நஞ்சு மெல்ல நகரும். சிறிதானால் விரைந்து ஓடும். கணக்கு முழுவதற்கும் ஒரேயொரு பற்று விகிதத்தை வைத்துவிட்டால் வேலை இலகு. துன்பமும் அங்கேதான் பிறந்தது.

முதலில் தொட்டிகளை எடுத்துக்கொள்வோம். சீசியம் 137 என்னும் பொருளை மண் இறுகப் பற்றிக்கொள்ளும் என்பது ஆய்வுகூடத்தில் நன்கு அறியப்பட்ட உண்மை. ஆகவே, தொட்டி கசிந்தாலும் தடித்த வறண்ட மண்படலம் அதனைத் தடுத்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். 1990களில் தொட்டிகளின் அருகே துளையிட்டு அளந்தபோது, அவர்கள் எதிர்பாராத ஆழத்திலே சீசியம் காணப்பட்டது. தொட்டிக் கழிவு நிலத்தடி நீரையே எட்டிவிட்டது என்று 1997ஆம் ஆண்டில் சக்தித் திணைக்களம் ஒப்புக்கொண்டது. மண் ஏன் கைவிட்டது? கழிவினுள் சோடியம் அளவுகடந்து செறிந்திருந்தது. சீசியம் அமரவேண்டிய இடங்களிற் பெரும்பாலானவற்றைச் சோடியம் பிடித்துக்கொண்டது. தேர்த் திருவிழாவன்று மடத்துத் திண்ணை முழுவதும் முன்னரே ஆட்கள் நிறைந்துவிட்டால், பின்வருபவன் வீதியிலே நடந்துகொண்டேயிருக்க வேண்டியதுதான். ஆய்வுகூடத்து நல்ல நீரிற் கண்ட விகிதத்தைக் கொதிக்கும் உப்புக் கழிவுக்கும் பொருத்தினால் விடை பிழைக்காமல் வேறென்ன செய்யும்?

இரண்டாவது நிகழ்ச்சி இதனினும் படிப்பினை மிக்கது. ஹான்போர்டின் தென்கோடியில், நதிக்கு மிக அருகே, உலைகளுக்கான யுரேனிய எரிபொருளைச் செய்த பகுதி ஒன்றுண்டு. 300ஆம் பகுதி என்பது அதன் பெயர். அங்கிருந்த குளங்களிலும் அகழிகளிலும் விட்ட கழிவினால் நிலத்தடி நீரில் யுரேனியம் பரவியது. 1996ஆம் ஆண்டில் துப்புரவுக்கான முடிவு எடுக்கும்போது அந்நீரை என்ன செய்வது என்னும் கேள்வி எழுந்தது. மாதிரியுருவைக் கேட்டார்கள். 1993ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 3 முதல் 10 ஆண்டுகளுக்குள் இயற்கையாகவே யுரேனியம் குடிநீர் அளவுக்குக் குறைந்துவிடும் என்று அது கூறியது. ஆகவே, நீரை அளந்துகொண்டு காத்திருப்பது போதும் என்று முடிவாயிற்று. கணக்குக் கொடுத்த கெடு 2003ஆம் ஆண்டோடு தீர்ந்தது. யுரேனியம் தீரவில்லை. கிணறுகளில் எடுத்த நீர் ஆண்டுதோறும் அதே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது.

காரணம் நதியிலே இருந்தது. கொலம்பியா நதி அணைக்கட்டுகளால் ஆளப்படும் நதி. மின்சாரத் தேவைக்கேற்ப அதன் மட்டம் நாள்தோறும் ஏறி இறங்கும். மலைப்பனி உருகும் வேனிற்காலத்தில் வாரக்கணக்கில் உயர்ந்து நிற்கும். நதி உயரும்போது கரையோர நிலத்தடி நீரும் உயர்ந்து, வழக்கமாக உலர்ந்திருக்கும் மேல்மண்ணைத் தொடுகிறது. அந்த மண்ணிலே பழைய யுரேனியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீர் அதனைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் களஞ்சியத்தைத் திறந்து ஒருபிடி அள்ளிவிடுவது போன்ற செயல் இது. மேலும், நிலத்தடி நீரிற் காபனேற்று மிகுந்தபோது யுரேனியம் மண்ணைவிட்டு எளிதிற் பிரிகிறது. நதிநீர் புகுந்து அது குறையும்போது மண்ணோடு மீண்டும் ஒட்டுகிறது. பற்று விகிதம் நாளுக்கு நாள், அடிக்கு அடி மாறும் நிலம் அது. முதற் கணக்கோ மேல்மண்ணின் களஞ்சியத்தைக் கணக்கிற் கொள்ளாமல், யுரேனியத்துக்கு மாறாத ஒரே விகிதத்தையும் கொடுத்திருந்தது. கணனி ஒரு கூட்டலிலும் தவறவில்லை. தான் கேட்கப்பட்ட கேள்விக்கு அது சரியாகவே விடை சொன்னது. கேள்விதான் அந்த நதிக்குரியதாக இருக்கவில்லை.

இவ்விடத்தில் நம்மூர் வழக்கமொன்று நினைவுக்கு வருகிறது. ஈழத்துத் தமிழ் வீடுகளில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்னும் இரண்டும் புழங்குவதை யாவரும் அறிவோம். புத்தாண்டு பிறக்கும் நேரம் இரண்டிலும் வேறுபடும். எதைக் கொள்வது என்னும் வாதம் சித்திரைதோறும் எழும். முன்னோர் வகுத்த வாக்கியங்களைக் கொண்டு கணிப்பது முன்னையது. வானத்தை நோக்கி, கண்டதற்கேற்பக் கணக்கைத் திருத்திக்கொள்வது பின்னையது. 'திருக்' என்னும் வடசொல்லுக்குக் காட்சி, பார்வை என்பதே பொருள். கேரள நாட்டுப் பரமேசுவரர் 1431ஆம் ஆண்டளவில் திருக்கணித முறையை வகுத்தமைக்குக் காரணம், பழைய கணக்கும் கண்ட கிரகணமும் ஒத்துவரவில்லை என்பதே. அவர் வானத்தைப் பிழை சொல்லவில்லை. கணக்கைத் தூக்கி எறியவுமில்லை. கண்டதைக் கொண்டு கணக்கைத் திருத்தினார். வழிபாட்டுக்கும் சடங்குக்கும் எப்பஞ்சாங்கத்தைக் கொள்வது என்பது அவரவர் மரபு. அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால், நஞ்சு கலந்த நிலத்தடி நீருக்கு வாக்கியம் உதவாது. திருக்கணிதமே வேண்டும்.

ஹான்போர்டில் பின்னர் நடந்தது இதற்குச் சான்று. பொய்த்த கணக்கை மூடி வைக்காமல், 300ஆம் பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கிணறுகளைச் சிறு பரப்பினுள் நெருக்கமாகத் தோண்டி, நதியோடு நீரும் யுரேனியமும் எவ்வாறு ஆடுகின்றன என்பதை விஞ்ஞானிகள் அளந்தார்கள். பின்னர் கிளென் ஹம்மண்ட், பீற்றர் லிச்னர் ஆகிய இருவர், நதிமட்டத்தின் ஏற்ற இறக்கத்தை மணிக்கணக்கிற் பின்தொடர்ந்து, யுரேனியம் மண்ணைவிட்டு மெல்ல மெல்லப் பிரிவதையும் கணக்கிற் சேர்த்து, ஆயிரக்கணக்கான செயலிகள் ஒருங்கே உழைக்கும் பேராற்றற் கணனியில் புதிய மாதிரியுருவை ஓடவிட்டார்கள். அவர்களுடைய கட்டுரை 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. யுரேனியம் ஏன் போக மறுக்கிறது என்பதை நிலத்தின் மொழியிலேயே விளக்கும் கணக்கு அது. 2013ஆம் ஆண்டில் துப்புரவு முடிவும் மாறியது. வெறுமனே காத்திருப்பதை விடுத்து, பொசுபேற்றுக் கரைசலை நிலத்துக்குட் செலுத்தி, யுரேனியத்தை எளிதிற் கரையாத கனியமாக்கி மண்ணிலேயே கட்டிவைப்பது என்று தீர்மானித்தார்கள். அதன் முதற்கட்டம் 2015ஆம் ஆண்டில் நடந்தது. பத்தாண்டு காத்திருந்தபோது கிடைக்காத தெளிவு, கிணற்றையும் கணக்கையும் எதிரெதிரே வைத்தபோது கிடைத்தது.

'கணக்குத்தான் பொய்த்ததே, எல்லாவற்றையும் தோண்டி அள்ளிவிட்டால் என்ன?' என்று கேட்பவர் இருப்பர். நேர்மையான கேள்விதான். ஆனால் ஹான்போர்டின் பரப்பு ஏறத்தாழ 1,500 சதுர கிலோமீற்றர். அத்தனை மண்ணையும் அள்ளி எங்கே கொட்டுவது? தோண்டும் தொழிலாளியின் நுரையீரலுக்கு யார் பொறுப்பு? எல்லா இடத்தையும் ஒரேயடியாகத் துப்புரவு செய்யவியலாதபோது, எதை முதலிற் செய்வது என்று தெரிந்தெடுத்தாக வேண்டும். தெரிந்தெடுப்பதற்குக் கணிப்பு வேண்டும். தென் கரோலைனா மாநிலத்துச் சவன்னா நதி நிலையத்தில் 1955 முதல் 1988 வரை அமிலக் கழிவை ஊறவிட்ட குளங்களின் கீழ் யுரேனியம் பரவியிருந்தது. நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றைச் சில ஆண்டுகள் நடத்திப் பார்த்தார்கள். செலவும் மிகுதி, சுத்திகரித்தபின் எஞ்சும் கழிவும் மிகுதி. பின்னர், நிலத்துக்குள்ளே தடுப்புச் சுவரெழுப்பி, நீர் செல்லும் வாயில்களில் காரக் கரைசலைச் செலுத்தி அமிலத்தைத் தணித்து, யுரேனியத்தை மண்ணிலேயே நிறுத்தும் முறைக்கு 2004ஆம் ஆண்டில் மாறினார்கள். நிலத்தின் அமிலத்தன்மை மீண்டும் எப்போது மாறும், நிறுத்திய நஞ்சு எப்போது அவிழும் என்பதை அறியாமல் இத்தகைய முறையைக் கையாள இயலாது. அதற்கு மாதிரியுரு இன்றியமையாதது. மாதிரியுருவைப் பழிப்பவன், கண்ணை மூடிக்கொண்டு தோண்டச் சொல்லுகிறான். அல்லது கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லுகிறான்.

ஆயினும் கணிப்பவர்கள் கையாளும் சொற்களைப் பற்றி ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். 1994ஆம் ஆண்டில் நேயோமி ஓரெஸ்கெஸ் என்பாரும் வேறிருவரும் 'சயன்ஸ்' என்னும் ஏட்டில் எழுதிய கட்டுரை ஒன்று இத்துறையிலே பெருவாதத்தைக் கிளப்பியது. நிலம், நீர் பற்றிய மாதிரியுரு எதனையும் 'மெய்யென நிறுவப்பட்டது' என்று கூற இயலாது என்பதே அவர்கள் வாதம். இயற்கை திறந்த வெளி. அதனுள் நாம் அறியாத வாயில்கள் எப்போதும் இருக்கும். பழைய அளவுகளோடு கணக்குப் பொருந்துவதனால் அது எதிர்காலத்துக்கும் பொருந்தும் என்று ஆகாது. பிழையான இரு ஊகங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்து சரியான விடையைத் தருவதும் உண்டு. பாடத்தை விளங்காமல் விடையை மட்டும் பார்த்தெழுதிய மாணவனை ஆசிரியர் அறிவார். அவன் விடை சரி. அடுத்த கணக்கிலே அகப்பட்டுக்கொள்வான். ஆகவே 'சரிபார்க்கப்பட்ட மாதிரியுரு' என்று ஓர் அறிக்கை கூறுமாயின், எதனோடு சரிபார்த்தது, எத்தனை கிணற்றோடு, எத்தனை ஆண்டு என்று கேட்பதே கற்றவர் கடன். ஓர் அடைமொழி, கேட்கவேண்டிய கேள்வியை விழுங்கிவிட இடங்கொடுக்கலாகாது.

இதுவரை மண்ணையும் நீரையும் பற்றியே பேசினேன். கணக்கின் கடைசிப் பெட்டியில் மனிதன் இருக்கிறான். நதியிற் சேரும் நஞ்சு ஒருவனுக்கு எவ்வளவு தீங்கு செய்யும் என்பது, அவன் எவ்வளவு நீர் குடிக்கிறான், எவ்வளவு மீன் உண்கிறான் என்பதைப் பொறுத்தது. கொலம்பியாக் கரையில் யகாமா, உமட்டில்லா, நெஸ் பேர்ஸ் முதலிய பழங்குடி மக்கள் எண்ணற்ற தலைமுறைகளாகச் சல்மன் மீனை உண்டு வாழ்பவர்கள். 1855ஆம் ஆண்டு ஒப்பந்தங்களில் தம் நிலத்திற் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தபோதும், வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தமக்கென நிறுத்திக்கொண்டவர்கள். அமெரிக்காவில் நீர்த்தூய்மை நியமங்களை வகுக்கும்போது, ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் மீன் 6.5 கிராம் என்று நெடுங்காலம் கொண்டார்கள். நாட்டு மக்கள் எல்லாரையும் சேர்த்துக் கண்ட சராசரி அது. கொலம்பியா நதிப் பழங்குடியினரின் மீன்பிடி ஆணைக்குழு 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வோ, அம்மக்களில் வளர்ந்தோர் நாளொன்றுக்குச் சராசரி 58.7 கிராம் மீன் உண்பதைக் கண்டது. ஒன்பது மடங்கு! வாஷிங்டன் மாநிலம் 6.5 கிராம் என்னும் எண்ணைக் கைவிட்டு, 175 கிராமை அடிப்படையாகக் கொண்டது 2016ஆம் ஆண்டிலேதான். அதுவரை, அந்நதியை யாரினும் மிகுதியாக உண்டவர்கள் அந்நதியின் கணக்கிலே ஒரு கவளத்துக்கும் குறைவாக இருந்தார்கள்.

இந்த 6.5 என்னும் எண்ணை எந்தக் கணனியும் கண்டுபிடிக்கவில்லை. மனிதன் அதனைக் கொடுத்தான். கணனியின் ஆற்றல் எத்துணை பெருகினும், கொடுக்கப்பட்ட எண்ணின் அநீதியை அது அறியாது. பெட்டிகளை இலட்சத்திலிருந்து கோடியாக்கலாம், மணிக்கணக்கை நிமிடக்கணக்காக்கலாம். மீன் உண்பவன் பெட்டிக்கு வெளியே நின்றால், அத்தனை நுட்பமும் அவனுக்கு எதிரான நுட்பமே.

ஆதலின் இத்தகைய கணிப்புகளைப் பொதுமக்களின் முன்வைப்போரிடம் நாம் கோரத்தக்கவை சில உண்டு என்பேன். கணக்கு ஒரு கெடுவைச் சொன்னால், அக்கெடு தவறினால் என்ன செய்வது என்பதும் அந்த ஏட்டிலேயே எழுதப்படவேண்டும். 3 முதல் 10 ஆண்டு என்று எழுதியபோது, ஐந்தாம் ஆண்டில் யுரேனியம் இவ்வளவுக்குக் குறையாவிடின் மாற்று வேலை தொடங்கும் என்று எழுதியிருந்தால், காத்திருந்த காலத்திற் பாதியாவது மிஞ்சியிருக்கும். கணனிக்குச் செலவிடும் பணத்தோடு கிணறு தோண்டவும் அளக்கவும் வேண்டிய பணமும் ஒதுக்கப்படவேண்டும். அளவு நின்றுபோன கணக்கு, மறுபடியும் வாக்கியமாகிவிடும். ஊகங்கள் யாவும் அவ்வூரார் படித்தறியும் மொழியில், அவர்கள் மறுக்கக்கூடிய வடிவில் முன்வைக்கப்படவேண்டும். மண்ணின் பற்று விகிதத்தை விஞ்ஞானி அறிவார். நதி எந்த மாதத்திற் பெருகும், எந்த மீனை எவ்வளவு உண்பார்கள் என்பதைக் கரையில் வாழ்பவர்கள் அறிவார்கள்.

பாடசாலைகளில் கணிதம் கற்பிப்போருக்கும் இதிலே வேலையுண்டு. விடை கண்டதும் அடிக்கோடிட்டு நிறுத்திவிடப் பிள்ளைகளைப் பழக்குகிறோம். அடிக்கோட்டுக்குக் கீழே இன்னொரு வரி எழுதவும் அவர்கள் பழகவேண்டும். இவ்விடை எந்த ஊகத்தின்மேல் நிற்கிறது, எதைக் கண்டால் இதனை மாற்றிக்கொள்வேன் என்பதே அந்த வரி. யுரேனியம் 238 தன் பாதியை இழக்க ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் வேண்டும். அதன் காவலை நாம் எவரிடமும் முடித்துக் கொடுத்துவிட முடியாது. பின்வருவோர் கையிற் கொடுக்கும் கணக்கிலே, எங்கே திருத்தலாம் என்பதையாவது காட்டிக் கொடுப்போம்.